மர்மக் கதைக்குப் பல குரல், மாயக் கதைக்கு ஒரே குரல்: இளையோர் ஒலிப்புத்தகங்கள் பற்றி ஒரு விவாதம்

செவிவழி எழுதியது:

கடந்த ஒரு வருடமாக இளையோருக்கான மர்மக் கதைகளையும் ஃபேன்டசி கதைகளையும் ஒலிப்புத்தகமாக மட்டுமே கேட்டு வருகிறேன். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஆரம்பித்த பழக்கம், இப்போது அச்சுப் புத்தகத்தைத் திறந்தால் யாரும் பேசாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. கேட்கக் கேட்க ஒரு கருத்து உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது, அதை இங்கே வைக்கிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

மர்மக் கதை என்றால் பல பேர் சேர்ந்து வாசித்த பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். ஃபேன்டசி என்றால் ஒரே ஆள் வாசித்த பதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். மர்மக் கதை எழுதுபவர் நம்மிடமிருந்து ஒளித்து வைப்பதில் முக்கியமான ஒன்று குரல். "இருட்டில் யாரோ பேசினார்கள்" என்று அச்சில் எழுதிவிட்டால் போதும், ஆணா பெண்ணா, பெரியவரா சின்னப் பையனா, எதுவும் வெளியே வராது. வாசிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அந்த வசனத்தை ஏதாவது ஒரு குரலில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குள் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கரகரப்பு, ஆசிரியைக்கு ஒரு இழுவை, தோழிக்கு ஒரு வேகம் என்று பிரித்துக் கொடுத்திருப்பார். இருட்டில் பேசும் ஆளுக்கு அதில் ஒன்றைக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். எதையும் கொடுக்காமல் கிசுகிசுத்தால், ‘தெரிந்த ஆள்தான், அதனால்தான் மறைக்கிறார்’ என்று காது கண்டுபிடித்துவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது, ஒரே ஆள் வாசிக்கும்போது அவருக்கு முடிவு தெரியும். முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டுத்தான் ஒலிப்பதிவு அறைக்குள் போகிறார். குற்றவாளியின் வசனம் வரும்போது அவரையும் அறியாமல் கொஞ்சம் கூடுதலாக அன்பைக் குழைத்துவிடுவார். சமீபத்தில் கேட்ட ஒன்றில் ஒரு பாத்திரம் இரண்டாவது முறை பேசியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, மீதி ஏழு மணி நேரமும் கதாநாயகி எப்போது கண்டுபிடிப்பாள் என்று காத்திருந்ததுதான் மிச்சம்.

பல குரல் என்றால் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் பக்கம் நின்று பேசுகிறார்கள். ஹாலி ஜாக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்’ (2019) கேட்டவர்களுக்குப் புரியும். பள்ளி மாணவி ஒருத்தி பழைய கொலை வழக்கைத் தன் பள்ளித் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டு, ஊரில் ஒவ்வொருவரையும் பேட்டி எடுக்கிறாள். புத்தகத்தில் அந்தப் பேட்டிகள் எழுத்துப்படியாக வரும், யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று நாடகம் மாதிரி. அமெரிக்க ஒலிப்பதிப்பில் பெய்லி கார் முதன்மையாக வாசிக்க, பேட்டி கொடுப்பவர்களுக்குத் தனித்தனிக் குரல்கள். அப்போது நாமே எதிரில் உட்கார்ந்து சாட்சி கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இந்த ஆள் தயங்குவது பயத்திலா பொய்யிலா என்று காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபேன்டசிக்கு இது நேர் எதிர். அங்கே உலகமே ஒருவர் வாயிலிருந்து பிறக்கிறது. மலைக்கு, மிருகத்துக்கு, மந்திரத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சு வேண்டும். ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்துக்கு ஜிம் டேல் தனியாளாக 134 குரல்கள் கொடுத்தார், கின்னஸிலும் அது ஏறியது. 134 நடிகர்களை வைத்துச் செய்திருந்தால் கூட்டம் கேட்டிருக்கும். அந்தப் பள்ளி கேட்டிருக்காது.

இவ்வளவுதான் என் கட்சி. உங்கள் காது என்ன சொல்கிறது?

கடைசிப்பக்கம் எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி இல்லை.

முதலில் மர்மம். பல குரல் என்றால் ஒளிக்க முடியும் என்கிறீர்கள், அது பேட்டி, கடிதம், வானொலி மாதிரி துண்டுகளாகக் கட்டிய கதைக்கு மட்டும்தான் சரி. சாதாரணமாகச் சொல்லப்படும் கதையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடிகர் என்று வைத்தால், உங்கள் ‘இருட்டில் பேசிய ஆள்’ பிரச்சினை இன்னும் மோசமாகும். அந்த வசனத்தைப் பேச ஒரு நடிகர் வேண்டுமே? அதே நடிகரே பேசினால் முதல் சொல்லிலேயே பிடித்துவிடுவோம். வேறு நடிகரைப் பேச வைத்தால் அது ஏமாற்று வேலை, பின்னால் தெரிய வரும்போது கேட்பவருக்குக் கோபம்தான் வரும். ஒரே ஆள் வாசிக்கும்போதாவது குரலை மங்கலாக்கித் தப்பிக்க வழி இருக்கிறது.

மொரீன் ஜான்சனின் ‘ட்ரூலி டீவியஸ்’ தொடரைக் கேட்டிருக்கிறீர்களா சகோ? முதல் மூன்று புத்தகமும் கேட் ரட் தனியாக வாசித்தது. 1936இல் நடந்த ஒரு கடத்தலும் இன்றைய உறைவிடப் பள்ளியும் மாறி மாறி வரும், நடுவில் பழைய விசாரணை எழுத்துப்படிகளும் உண்டு. ஒரே ஆள்தான். எனக்கு எந்த இடத்திலும் குட்டு உடையவில்லை. அவர் பாத்திரங்களுக்குக் குரலை அதிகம் மாற்றாமல், பேசும் வேகத்தை மட்டும் மாற்றுகிறார். அந்த அடக்கம்தான் மர்மத்துக்கு வேண்டியது என்று நினைக்கிறேன், எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு எச்சரிக்கை: முதல் புத்தகம் அந்தரத்தில் நிற்கும், இரண்டாவது கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஃபேன்டசி பக்கம் வந்தால், லீ பார்டுகோவின் ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ (2015) எனக்கு உயிர். அதை ஒரு பெரிய குழுதான் வாசித்திருக்கிறது, ஏழு பேர். ஆறு பேர் சேர்ந்து கோட்டைக்குள் திருடப் போகிற கதைக்கு ஒரே குரலா? வேண்டவே வேண்டாம்.

செவிவழி எழுதியது:

நல்ல வேளை, நீங்களே ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ பெயரை எடுத்தீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தக் கருத்தே வந்தது.

அந்தக் குழு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். பாத்திரத்துக்கு ஒருவர் என்று பிரிக்கவில்லை, அத்தியாயத்துக்கு ஒருவர். திருடப் போகும் ஆறு பேரின் தலைவன் கேஸ், அவன் பார்வையில் வரும் அத்தியாயத்தை ஒருவர், இனெஜ் அத்தியாயத்தை இன்னொருவர், நினாவுக்கு வேறொருவர். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் எல்லாரும்தான் பேசுகிறார்கள். அதனால் கேஸ் ஒரே ஆளாக இருந்தும் ஒரு அத்தியாயத்தில் கரகரப்பாக, அடுத்ததில் மென்மையாக, அதற்கடுத்ததில் வயதானவர் மாதிரி. தலைவன் யார் என்று காது ஒரு பிடிப்புக்கு வரும்போது அத்தியாயம் முடிந்துவிடுகிறது. பெயர்களின் உச்சரிப்பும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகிற மாதிரி எனக்குக் கேட்டது. தனித்தனியாக அவர்கள் எல்லாரும் நல்ல வாசிப்பாளர்கள்தான், குறை அவர்களிடம் இல்லை. கட்டிய விதத்தில் இருக்கிறது.

‘இருட்டில் பேசிய ஆள்’ விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. துண்டுகளாகக் கட்டிய மர்மத்துக்குப் பல குரல் என்று திருத்திக்கொள்கிறேன். ‘ட்ரூலி டீவியஸ்’ இன்று ஆரம்பிக்கிறேன்.

நிலாமுற்றம் எழுதியது:

நீங்கள் எல்லாரும் எந்த வேகத்தில் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஒன்றரை மடங்கில் ஓட்டிவிட்டு வாசிப்பாளரைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆங்கில ஒலிப்புத்தகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 9,000 சொற்களுக்கு மேல் போகும் என்பது தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. அந்த வேகத்தில்தான் வாசிப்பவர் மௌனத்தையும் அளந்து வைத்திருப்பார். வேகத்தைக் கூட்டினால் முதலில் சாவது அந்த மௌனம்தான். மர்மக் கதையில் பதில் சொல்வதற்கு முன் ஒருவர் எடுக்கும் இரண்டு நொடி ஒரு தடயம்! ஃபேன்டசியில் நடைபயண வருணனை வரும்போது வேகத்தைக் கூட்டுங்கள், குறை சொல்ல மாட்டேன்.

பதினோராம்மணி எழுதியது:

என் அனுபவம் வேறு மாதிரி. நான் படுக்கையில் கேட்பவள். தூங்கிப்போனால் தானாக நிற்கும்படி நேரம் வைத்துவிட்டுக் கேட்பேன். ஃபேன்டசிக்கு இது அருமை, பத்து நிமிடம் தவறினாலும் குதிரை இன்னும் அதே காட்டில்தான் போய்க்கொண்டிருக்கும். மர்மக் கதையில் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தோட்டக்காரர் சாவியை யாரிடம் கொடுத்தார் என்று சொல்லியிருப்பார்கள். பின்னால் போய்த் தேடினால் எந்த இடம் வரை விழித்திருந்தேன் என்றே தெரியாது. தேடும்போது முன்னால் தாண்டிப் போய், தெரியக் கூடாததைக் கேட்டுவிட்ட கொடுமையும் நடந்திருக்கிறது.

கேரன் மக்மேனஸின் ‘ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்’ (2017) கேட்டபோது இன்னொன்றைக் கவனித்தேன். நான்கு மாணவர்கள், நான்கு வாசிப்பாளர்கள், சந்தேகம் நால்வர் மேலும். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் பெயர், கிழமை, தேதி, மணி எல்லாம் வரும். அச்சில் அது கண்ணில் படும், வேண்டுமென்றால் புரட்டி ஒப்பிட்டுக்கொள்ளலாம். காதில் அது கடந்து போய்விடும். ‘செவ்வாய், பிற்பகல் 3.20’ என்று சொல்லி முடிப்பதற்குள் நான் அடுத்த வரிக்குத் தயாராகிவிடுகிறேன். யார் எப்போது எங்கே இருந்தார் என்பதுதான் இந்த வகைக் கதைக்கு முதுகெலும்பே. அதனால் இப்போது ஒரு நோட்டு வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன், பாதி தூக்கத்தில் எழுதியது காலையில் புரிந்தால் சரி. ஆனால் குரல் விஷயத்தில் அந்தப் புத்தகம் செவிவழி சொன்னதற்கு நல்ல சான்று. நால்வரும் தன் கதையைத் தானே சொல்வதால், பொய் சொல்வது யார் என்பதை அந்தந்தக் குரலே சுமக்கிறது.

ஒலிவாசகி எழுதியது:

இந்த இழையைக் காலையிலிருந்து என் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள்) படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பார்வை மிகக் குறைவு, சிறு வயதிலிருந்தே எல்லாம் காது வழியாகத்தான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மர்மக் கதையை நான் எப்படிப் ‘படிக்கிறேன்’ தெரியுமா? மின்புத்தகமாக வாங்கித் திரைவாசிப்பானிடம் கொடுத்துவிடுவேன். அது எல்லாரையும் ஒரே குரலில் வாசிக்கும். கொலைகாரனுக்கும் பாட்டிக்கும் ஒரே தட்டையான குரல், அழுகைக்கும் மிரட்டலுக்கும் ஒரே தாளம். நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் பிரச்சினை எனக்கு வருவதே இல்லை. இருட்டில் பேசிய ஆள் எனக்கு நிஜமாகவே இருட்டில் பேசிய ஆள்தான். அதோடு தேவைப்பட்டால் ஒரு வரியைத் தனியாகத் திரும்பக் கேட்கலாம், ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்கலாம், ஒரு பெயர் இதற்கு முன் எங்கே வந்தது என்று தேடிப் பார்க்கலாம். ஒலிப்புத்தகத்தில் முப்பது நொடி பின்னால் போகலாம், அவ்வளவுதான். தடயங்களை நானே தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எனக்கு அந்தத் தட்டைக் குரல் போதும். யாரும் எனக்கு உதவி செய்ய வேண்டாம்.

ஃபேன்டசிக்கு மட்டும் மனிதக் குரல் இல்லாமல் முடியாது. புதிதாக உண்டாக்கிய பெயர்களைத் திரைவாசிப்பான் கடித்துக் குதறிவிடும். ஒரே ராணியின் பெயரை வாக்கியத்தின் நடுவில் ஒரு மாதிரியும், உடைமைப் பொருளில் வரும்போது வேறு மாதிரியும் சொல்லும். டோமி அடயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ புத்தகத்தை முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். மந்திரங்கள் யோருபா மொழியில் வரும் இடங்களில் வெறும் சத்தம். விட்டுவிட்டு, பானி டர்ப்பின் வாசித்த ஒலிப்புத்தகத்துக்கு மாறினேன். யோருபா ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும் மொழி. அந்த ஏற்ற இறக்கத்தோடு ஒரு பெண் மந்திரத்தைச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. மூன்று பேர் பார்வையில் நகரும் கதை, மூன்றையும் அவர் ஒருவரே வாசிக்கிறார், ஒரு இடத்திலும் நான் குழம்பவில்லை. 2019இல் ஒலிப்புத்தகங்களுக்கென்றே கொடுக்கும் ஆடி (Audie) விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிப்புத்தகம் என்ற விருது அதற்குத்தான் போனது, முழுக்கத் தகும். ஆக, செவிவழி சொல்லும் ‘ஒரே மூச்சு’ என்பதற்கு என் ஓட்டு உண்டு.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன்டசி ஒலிப்புத்தகங்களில் பல இடங்களில் ‘வரைபடத்துக்கு இணைப்புக் கோப்பைப் பாருங்கள்’ என்று ஒரு வரி வருகிறது. திறந்தால் உள்ளே வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை. காதால் கேட்பவர்களுக்கென்று செய்த ஒரு பொருளில், கண் இருந்தால்தான் பயன்படும் ஒரு தாளை ஏன் சொருகுகிறார்கள்? நான்கு வரியில் எந்த நாடு எங்கே என்று வாசித்துவிட்டால் எல்லாருக்கும்தானே உதவும்? வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர் மட்டும் படத்தைத் திறந்து பார்க்கவா போகிறார்?

வரைபடப்பித்தன் எழுதியது:

ஒலிவாசகி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் கேட்ட ஃபேன்டசி புத்தகங்களை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். பெயருக்கேற்றபடி நான் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்பேன், அது இல்லாமல் கேட்பவருக்கு என்ன ஆகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

என் பங்குக்கு இன்னொரு இழப்பையும் சேர்க்கிறேன்: அடிக்குறிப்பு. ஜோனதன் ஸ்ட்ரௌடின் ‘பார்ட்டிமியஸ்’ வரிசையில் (முதல் புத்தகம் 2003) பார்ட்டிமியஸ் என்ற ஜின் தன் கதையைத் தானே சொல்லும்போது பக்கத்தின் அடியில் குறிப்புகளாகப் பேசிக்கொண்டே போகும். தற்பெருமை, பழைய எஜமானர்களைப் பற்றிய வம்பு எல்லாம் அங்கேதான். அச்சில் கண் கீழே இறங்கி ஏறும், அந்த இறங்கி ஏறுவதே ஒரு சுவை. சைமன் ஜோன்ஸ் வாசிப்பில் பக்கத்தின் அடி என்று ஒன்று இல்லை, குறிப்பு பேச்சின் நடுவில் நுழைய வேண்டியதுதான். எனக்கு முதல் அரை மணி நேரம் தலை சுற்றியது. அப்புறம் பழகிவிட்டது, தன்னைத் தானே இடைமறித்துப் பேசுகிற ஆள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஜின்னுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அச்சில் படித்தவர்களும் ஒலியில் கேட்டவர்களும் அதைப் பற்றிப் பேசினால் இரண்டு வேறு புத்தகங்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

பெயர்கள் விஷயம் இன்னொன்று. காதால் மட்டும் கேட்டவனுக்கு எழுத்துக்கூட்டல் தெரியாது. நாம் இங்கே எல்லாப் பெயரையும் தமிழில் எழுதுவதால் தப்பித்தோம், காதில் விழுந்தபடி எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் தேடப் போனால்தான் தெரியும். ஒரு பாத்திரத்தின் பெயரை ஆறு விதமாக அடித்தும் கிடைக்காமல் போயிருக்கிறது.

மணியோசை எழுதியது:

கார்த் நிக்ஸின் ‘சாப்ரியல்’ யாரும் சொல்லவில்லையே! 1995இல் வந்த புத்தகம், டிம் கரி வாசித்தது. கதாநாயகி பதினெட்டு வயதுப் பெண், வாசிப்பவர் கனத்த குரல் கொண்ட ஒரு ஆண். ஒத்து வராது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இறந்தவர்களைக் கட்டுப்படுத்த அவளிடம் ஏழு மணிகள் இருக்கும், ரன்னாவில் தொடங்கி அஸ்தரேல் வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். அந்தப் பெயர்களை அவர் சொல்லும் விதத்திலேயே எது தூங்க வைக்கும், எது கேட்டவரைக் கொல்லும் என்று வயிற்றுக்குத் தெரிந்துவிடும். மோகெட் என்கிற பூனை பேச ஆரம்பித்தால் நம்பவும் முடியாது, வெறுக்கவும் முடியாது. பெண் கதைக்குப் பெண் குரல்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்பவர்கள் இதை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒரே வருத்தம், அந்த வரிசையில் பின்னால் வந்த புத்தகங்களை வேறு ஆட்கள் வாசித்திருக்கிறார்கள். மூன்று புத்தகம் ஒரு குரலோடு வாழ்ந்துவிட்டு நான்காவதில் அதே உலகத்தை அந்நியர் ஒருவர் சொன்னால், வீட்டுக்குள் எல்லாப் பொருளும் இடம் மாறி இருக்கிற மாதிரி. நல்ல வாசிப்பாளராகவே இருந்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வரிசையை ஆரம்பிக்கும் முன் கடைசிப் புத்தகம் வரை அதே ஆள்தானா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் இறங்குகிறேன்.

கடைசிப்பக்கம் எழுதியது:

செவிவழிக்கு ஒரு மறுப்பு பாக்கி இருக்கிறது. ஃபேன்டசிக்கு ஒரே குரல் என்றால் பிலிப் புல்மேனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ பழைய பதிப்பை எங்கே வைப்பீர்கள்? புல்மேனே கதையைச் சொல்கிறார், வசனங்களை மட்டும் நடிகர்கள் பேசுகிறார்கள். கதாநாயகி லைராவுக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை லைராவின் குரல்தான், நீங்கள் ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ பற்றிச் சொன்ன குறை இங்கே இல்லை. உலகத்தைச் சொல்வது ஒரே வாய், அதுவும் எழுதியவரின் வாய். இரண்டு கட்சிக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது. ஏன் இன்னும் நிறையப் பேர் இதைச் செய்வதில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை. செலவும் உழைப்பும்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்புறம் மர்மத்துக்குப் பல குரல் என்ற உங்கள் கட்சிக்கு ஒரு பரிசும் தருகிறேன்: கோர்ட்னி சம்மர்ஸ் எழுதிய ‘சேடி’ (2018). தங்கையைக் கொன்றவனைத் தேடி வீட்டை விட்டுப் போகும் பெண், அவளைத் தேடிப் போகும் பாட்காஸ்ட்காரர், இருவர் பகுதியும் மாறி மாறி வரும். பாட்காஸ்ட் பகுதி முழுக்க முழுக்கப் பாட்காஸ்ட் மாதிரியே ஒலிக்கும், பேட்டி கொடுப்பவர்கள் எல்லாரும் தனித்தனி ஆட்கள். 2019இல் இளையோர் பிரிவில் ஒடிஸி விருது வாங்கியது. அமெரிக்க நூலகச் சங்கத்தார் 2008 முதல் சிறுவர், இளையோர் ஒலிப்புத்தகத்துக்குக் கொடுக்கும் விருது அது.

சேடிக்குத் திக்குவாய். அச்சில் அது எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு நடுவில் கோடு இழுத்து இருக்கும், கண் அதைத் தாண்டி ஓடிவிடும். நானே அச்சில் அப்படித்தான் தாண்டினேன். ரெபெக்கா சோலர் குரலில் தாண்ட முடியாது. அந்தச் சொல் வெளியே வரும் வரை நாமும் காத்திருக்க வேண்டும், எதிரில் நிற்கும் ஆள் பொறுமை இழப்பதையும் கேட்க வேண்டும். ஆனால் அவள் மனதுக்குள் நம்மிடம் பேசும்போது திக்கல் துளியும் இல்லை, வெள்ளமாக ஓடும். அந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்தப் பெண்ணின் தனிமை. அச்சில் படித்தபோது எனக்கு அது உறைக்கவில்லை, கேட்டபோதுதான் உறைத்தது. கதை கனமானது, சிறுவர்கள் மீதான வன்முறை வருகிறது, மனது தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

செவிவழி எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். ‘ட்ரூலி டீவியஸ்’ முதல் புத்தகம் முடித்துவிட்டேன், ‘சேடி’ நேற்று இரவு முடிந்தது.

கடைசிப்பக்கம், கேட் ரட் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரே ஆள், எனக்கு யார் மேலும் சந்தேகம் நிலைக்கவில்லை. நடிக்காமல் வாசிப்பது என்பது ஒரு திறமை என்று இப்போதுதான் தெரிகிறது. இதற்கு முன் நான் கேட்ட மர்மங்களில் குட்டு உடைந்ததற்குக் காரணம் ஒரே குரல் இல்லை, அந்த ஒரே குரல் மேடையில் நிற்கிற மாதிரி வாசித்ததுதான். என் கட்சியில் பாதி போய்விட்டது.

‘சேடி’ பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. முடிந்த பிறகு அந்தப் பாட்காஸ்ட்காரரின் குரல் காதில் நின்றுகொண்டே இருந்தது, காதணியைக் கழற்றாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் திக்கலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டதால் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஃபேன்டசி பக்கம் மட்டும் நான் அசையவில்லை. புல்மேன் பதிப்பும் என் பக்கம்தான் என்று சொல்வேன், அங்கே உலகம் ஒரே வாயிலிருந்துதானே வருகிறது.

வரைபடப்பித்தன் எழுதியது:

ஒலிவாசகி அக்கா, ஒரு சின்ன முயற்சி. ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ வரைபடத்தைச் சொற்களில் எழுதிப் பார்த்திருக்கிறேன், கதை எதுவும் இதில் வெளியாகாது.

பெரிய நிலப்பரப்பு கிழக்குப் பக்கம். அதில் மேலிருந்து கீழாக மூன்று நாடுகள்: வடக்கே ஃபியர்டா, குளிர் தேசம். அதற்குக் கீழே ராவ்கா. ராவ்காவுக்குத் தெற்கே ஷு ஹான், நடுவில் மலைத்தொடர். ராவ்காவுக்கு மேற்கே கடல், ட்ரூ ஸீ என்று பெயர். அந்தக் கடலில் தெற்குப் பக்கமாக கெர்ச் என்ற தீவு நாடு, கதை தொடங்கும் கெட்டர்டாம் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. கடலைத் தாண்டி வெகு மேற்கே போனால் நோவி ஸெம். அவர்கள் திருடப் போகும் பனிக்கோட்டை ஃபியர்டாவில். ஆக, பயணம் தெற்கிலிருந்து வடக்கே, கடல் வழியாக.

இப்படி எழுதினால் பயன்படுமா? பயன்படும் என்றால் ‘சாப்ரியல்’ அடுத்து.

ஒலிவாசகி எழுதியது:

தம்பி, இரண்டு முறை கேட்டேன். அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம், ஆனால் இத்தனை நாளும் அவர்கள் கிழக்கு நோக்கிக் கப்பலில் போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிர் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு இடத்தில் யோசித்திருக்கிறேன். இன்று இரவு கப்பல் ஏறும் அத்தியாயத்தைத் திரும்பப் போட்டுக் கேட்கப் போகிறேன், இந்த முறை வடக்கே. ‘சாப்ரியல்’ எழுதும்போது அந்தக் கதையில் வரும் எல்லைச் சுவர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு ஓடுகிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.